கோடு ஓடாத இடம்

மணி பன்னிரண்டரை. ராத்திரி இல்லை... மதியம்.

பேய் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? ராத்திரிப் பேய்க்கு இருட்டு வேண்டும், நாய் ஊளை வேண்டும், ஆயிரம் ஏற்பாடு. உச்சிப் பொழுதில் நடப்பதற்கு ஒன்றும் வேண்டாம், வெயில் போதும். அந்த நேரத்தில் பொட்டல் வழியே தனியாகப் போகாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள். இது நம் சரவணக்குமாரின் பெரியம்மா மகள் கீதாஞ்சலிக்கு நடந்தது. அவன் அதோ மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறான். கூட்டிக் குறைத்துச் சொன்னால் அவனே என் காதைத் திருகட்டும்.

அவிநாசியிலிருந்து ஊத்துக்குளிப் பக்கம் போகும்போது ஒரு மண் பாதை பிரியும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கொட்டகைகள். மற்ற நாளில் மெஷின் சத்தம் காதைப் பிய்க்கும். தூங்குகிறவன்கூட அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பான். அன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து கரண்ட் இல்லை. மெஷின் இல்லை, ஆள் இல்லை, டீக்கடை இல்லை. கத்திரி வெயில் மட்டும் இருந்தது.

அந்தப் பாதையில் கீதாஞ்சலி ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். பின்சீட்டில் ஒரு பெரிய பிரேம், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பிரிண்டிங் பிரேம். நான்கு பக்கமும் சட்டம், நடுவில் வலைத்துணி, அதில் டிசைன் ஏற்றியிருக்கும். பனியன் மேல் வைத்து, மை ஊற்றி, ரப்பர் கட்டையால் இழுத்தால் படம் கீழே இறங்கிவிடும். அவ்வளவுதான் தொழில். ஆனால் அந்த ஒரு வாரத்தில் அவள் கட்டிக்கொண்டு வருகிற மூன்றாவது பிரேம் அது. முதல் இரண்டிலும் என்ன வந்தது என்று தெரிந்தால், நீங்களாக இருந்தால் ஸ்கூட்டியை அப்படியே திருப்பியிருப்பீர்கள்.

பாதை முடிகிற இடத்தில் அவளுடைய பிரிண்டிங் கொட்டகை. அவளுடையது என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கருப்புசாமி கட்டியது. மனிதர் கெட்டவர் என்று சொல்ல முடியாது, குடி கிடையாது, அடி கிடையாது. ஆனால் பன்னிரண்டு வருஷம் பெண்டாட்டியை டேபிள் பக்கம் விட்டதில்லை. பொம்பளை கை பட்டால் மை கலங்கும் என்பார். இவள் மடிக்கலாம், கட்டலாம், டீ கொண்டுவந்து வாசல் நிலவுப்படிக்கு வெளியே வைக்கலாம். காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும்... "க்கும்" என்று ஒரு கனைப்பு வரும். திட்டுகூட இல்லை, வெறும் கனைப்பு. அதற்கே இவள் நின்றுவிடுவாள்.

நின்றாளே தவிர, கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மை எவ்வளவு கெட்டி, கட்டையை எவ்வளவு சாய்க்க வேண்டும், எல்லாம் வாசற்படியிலிருந்தே பார்த்து வைத்திருந்தாள். போன வருஷம் ஒருநாள், கருப்புசாமி கையில் கட்டையோடு டேபிள் மேலேயே சாய்ந்தார். மாரடைப்பு. கீதாஞ்சலிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் ஒரே கண்ணிலிருந்துதான் வந்தன. காரியம் எல்லாம் முடிந்த மறுவாரம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள், கட்டையை எடுத்தாள்.

இது கருப்புசாமியின் தம்பி சிவராஜுக்குப் பொறுக்கவில்லை. கொட்டகை தனக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தவன். வாரம் ஒருமுறை வந்து, "நங்கைங்க, எதுக்குங்க உங்களுக்கு இந்தச் செரமம்?" என்பான். அண்ணன் பெண்டாட்டியை அவர்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் நிறைய மரியாதை, கண் முழுக்கச் சாவி.

இந்த நேரத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. வெள்ளைப் பனியன், கழுத்திலிருந்து கீழ் மடிப்புவரை கறுப்புக் கோடுகள். படம் இல்லை, எழுத்து இல்லை, வெறும் கோடு. ஓரத்தில் அகலமாகத் தொடங்கி நடுவில் மயிரிழையாக மெலிந்து, மறுபடி அகலமாகும். ஆனால் பார்த்துக்கொண்டே நின்றால்... அசையும். நடுவில் புடைக்கும், உள்வாங்கும், மறுபடி புடைக்கும். துணிக்குள் எதுவோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். உண்மையில் ஒன்றும் அசைவதில்லை, கண்ணைக் கட்டுகிற வித்தைதான். வெளிநாட்டில் அப்படிச் சித்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்களாம். ஒரு கோடு இம்மி விலகினாலும் ஓட்டம் செத்துவிடும். அதனால் டவுனில் பெரிய பெரிய யூனிட்டெல்லாம் கைகழுவின வேலை. கீதாஞ்சலி வாங்கினாள்.

சொந்தபந்தம் கூடியிருந்த ஒரு வளைகாப்பில் சிவராஜ் இதைக் கிண்டலடித்தான். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்த ஆர்டர் பாஸாகலீன்னா கொட்டாய்ச் சாவிய உங்க கையில குடுத்தர்றனுங்க தம்பி. பாஸாச்சுன்னா அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

அத்தனை பேர் சாட்சி. இனி வாபஸ் கிடையாது.

முதல் பிரேமில் அடித்தார்கள். டேபிள் வேலைக்கு ஆரோக்கியராஜ், திண்டுக்கல் பக்கத்துக்காரன், கை சுத்தம். பனியனைப் பலகையில் மாட்டிக் கழற்றப் பூவாத்தாள், வாய்த்துடுக்கான கிழவி.

"அடக் கெரகமே! அம்மிணி, கோடு நவுருதே! எனக்குத் தல கிறுகிறுங்குது" என்று பூவாத்தாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நகரத்தானே வேண்டும்? எல்லாரும் சிரித்தார்கள். ஆரோக்கியராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா... இங்கன பாருங்க. இந்த எடம் மட்டும் ஓட மாட்டேங்குது."

பார்த்தாள். மார்புக்கு நேரே, கோடுகள் எல்லாம் அலையடிக்க, ஒரு இடம் மட்டும் அசையாமல் நின்றது. கறை இல்லை, மை தடிப்பு இல்லை. ஆரோக்கியராஜ் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டான், ஒரு கோடுகூட விலகவில்லை. ஆனால் நாலடி தள்ளி நின்றால் தெரிந்தது. ஒரு தலை. கீழே இரண்டு தோள்.

"இது எந்தப் பிரேமு கண்ணு?" என்று பூவாத்தாள் மெதுவாகக் கேட்டாள்.

அப்போதுதான் கீதாஞ்சலிக்கு நினைவு வந்தது. கருப்புசாமியின் முதலாம் ஆண்டு நினைவுக்கு அக்கம்பக்கத்துக் கொட்டகைப் பையன்கள் எல்லாரும் அவர் படம் போட்ட பனியன் போட்டுக்கொண்டார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி, நடுவில் அவர் முகம். அதை அடித்த பிரேம் இது. பிரேம்களைக் கழுவி மறுபடி டிசைன் ஏற்றுவது வழக்கம்தான். ஆனால் அஞ்சலிப் படம் அடித்த வலையை மட்டும் கழுவக்கூடாது, அறுத்து எரித்துவிட வேண்டும் என்று அந்தக் கொட்டகைகளில் ஒரு முறை உண்டு. அவசரத்தில் இவள் மறந்துவிட்டாள்.

சரி, மறதிதானே? வலையை அறுத்தார்கள், எரித்தார்கள். புது வலை, புது பிலிம். மறுபடி அடித்தார்கள். ஈரப் பனியனை ஆரோக்கியராஜ் தூக்கிப் பிடித்தான். கோடுகள் ஓடின... அந்த ஓட்டத்துக்கு நடுவே தலையும் தோளும் அசையாமல் நின்றன.

ஆரோக்கியராஜ் பனியனைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். "மன்னிச்சுக்கங்கக்கா. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு" என்று செருப்பை மாட்டினான். பூவாத்தாள் அவனுக்கு முந்தியே படியிறங்கிவிட்டாள்.

சிவராஜுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அன்று சாயங்காலமே புல்லட் வந்து நின்றது.

"அண்ணன் போய்ச் சேரலீங்க நங்கை. இங்கயேதான் உலாத்தறாரு. பொம்பள தனியா இருக்கற எடமா இது? பூட்டிப்போட்டுச் சாவியக் குடுங்க. பூசாரியக் கூட்டியாந்து கட்டறதக் கட்டிப்போட்டு நான் பாத்துக்கறேன்."

"செத்தவருக்கு ஓட்டே கெடையாதுங்க தம்பி" என்றாள் கீதாஞ்சலி. "கொட்டாயில மட்டும் எப்புடிங்க பங்கு வரும்?"

சொல்லிவிட்டாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் ஆபீஸிலிருந்து, சாம்பிள் பார்த்துப் பாஸ் போட, செக்கிங் அம்மா மறுநாள் விட்டு மறுநாள் காலையில் வருகிறாள். கையில் ஒரே ஒரு பகல். அந்தப் பகலிலும் கொட்டகைப் பக்கம் கரண்ட் கிடையாது. விடிந்ததும் அவிநாசிக்குப் போய், தெரிந்தவர் ஒருவரிடம் மூன்றாவது பிரேமில் டிசைன் ஏற்றிக்கொண்டாள். அதைத்தான் இப்போது கட்டிக்கொண்டு வருகிறாள். பன்னிரண்டரை மணிக்கு. அந்தப் பாதையில்.

பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. திறந்தாள். சிமென்ட் அட்டைக் கூரைக்குக் கீழே உலை மாதிரி வெக்கை. மண்ணெண்ணெய் வாசம், மை வாசம். அதற்கு மேலே ஒரு வாசம்... புகையிலை. அவர் கடைவாயில் அடக்குகிற அதே புகையிலை. புதிதாகப் பிரித்த மாதிரி.

காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"க்கும்..."

பழக்கம் பாருங்கள். கால் தானாக நின்றுவிட்டது. அதுதான் அவளுக்கு எரிச்சல். பயத்தைவிட எரிச்சல். செத்து ஒரு வருஷம் ஆனபிறகும் ஒரு கனைப்புக்கு நிற்கிற தன் கால் மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இன்னொரு காலையும் எடுத்து, வேண்டுமென்றே சத்தமாக உள்ளே வைத்தாள்.

டேபிளின் நீளத்துக்குப் பலகைகள். எல்லாவற்றிலும் பனியனை மாட்டினாள். பிரேமை வைத்தாள், மை ஊற்றினாள், கட்டையை இழுத்தாள். சர்ரக். அடுத்தது. சர்ரக். ஆள் துணை இல்லாமல் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே போனாள். பாதி டேபிள் தாண்டியபோதுதான் காதில் விழுந்தது. அவள் இழுத்தால் சர்ரக்... டேபிளின் அந்தக் கோடியிலிருந்தும் சர்ரக்.

எதிரொலி. அட்டைக் கூரை, அப்படித்தான் இருக்கும். அவள் கையை நிறுத்தினாள்.

சர்ரக்.

நிமிர்ந்து பார்க்காமல் மிச்சத்தையும் அடித்தாள். கடைசிப் பலகைக்கு முந்தியதுவரை. அப்புறம் திரும்பி, அடித்தவற்றைச் சரிபார்க்க முதல் பலகைக்கு நடந்தாள். எல்லாப் பனியனிலும் கோடுகள் ஓடின. எல்லாப் பனியனிலும் அவர் இருந்தார். ஆனால் ஒரே மாதிரி இல்லை. முதல் பனியனில் பின்மண்டை. அதற்கடுத்ததில் காது தெரிந்தது. அதற்கடுத்ததில் மூக்கின் ஓரம். டேபிள் ஓரமாக நடக்க நடக்க, அசையாத அந்த இடம் ஒவ்வொரு பனியனிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பின்னால் நடந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. முன்னால் வந்தால் இவளைப் பார்க்கத் திரும்பியது.

அவள் நின்றுவிட்டாள்.

அது நிற்கவில்லை.

பலகை பலகையாகத் தாண்டிக் கடைசிப் பலகைப் பக்கம் வந்தது. பனியனுக்குப் பனியன். ஈர மையின் மேல் ஒரு சுருக்கம் விழவில்லை. கோடுகள் பாட்டுக்குக் கோடுகள் ஓடுகின்றன, அவற்றுக்குள் அந்த அசையாத உருவம் வந்துகொண்டே இருக்கிறது. கடைசிப் பலகையில் இன்னும் மை படாத வெள்ளைப் பனியன், அதன் மேல் பிரேம், பிரேமுக்குள் கட்டை. கீதாஞ்சலி ஓடவில்லை. ஓடினாள், ஆனால் வாசலுக்கு இல்லை. கட்டையைப் பிடிக்க ஓடினாள். பிடித்தாள். இழுத்தாள்... வரவில்லை. மையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இல்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு கை பிடித்திருக்கிற மாதிரி. பிடி சூடாக இருந்தது.

புகையிலை வாசம் முகத்துக்கு நேரே அடித்தது.

அப்போது அவள் பேசினாள். கட்டையை விடாமலேதான் பேசினாள்.

"ஏனுங்க, கேட்டுக்கோங்க. பன்னெண்டு வருசம் அந்த நெலவுப்படிக்கு வெளிய நின்னேன். நீங்க கனைச்சா நின்னேன். டீ கொண்டாந்து வெச்சேன், மடிச்சுக் கட்டினேன், வாயத் தொறக்கல. நீங்க போனப்ப அழுதேன், அதும் நெசந்தான். இன்னிக்கும் அழுவேன். ஆனா இந்தக் கட்டையக் குடுக்க மாட்டேன். மாரியாத்தாளே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். எடத்த உட்டு ஒதுங்கி நில்லுங்க... மையி காயுது."

வெயிலில் கூரை அட்டை 'டக்' என்று ஒரு முறை வெடித்தது.

கட்டை விட்டுக்கொடுத்தது. பின்னால் சாய இருந்தவள், சமாளித்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். சர்ரக். பிரேமைத் தூக்கினாள். பனியன் முழுக்கக் கோடு ஓடியது, ஒரு இடம் விடாமல். திரும்பிப் பார்த்தாள். முதல் பலகையிலிருந்து கடைசிவரை எல்லாம் ஓடின. டேபிள் முழுக்க ஒரே அலை. தரையில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். ஜெயித்தவள் அழுவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் காலை செக்கிங் அம்மா சித்ரகலா வந்தாள். பனியன்களைக் கொடியில் மாட்டச் சொல்லி, நாலடி தள்ளி நின்று, தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"ஓடுதுங்க மேடம். ஒரிஜினல் ஆர்ட்வொர்க்க விட நல்லா ஓடுது. அப்ரூவ்டு."

சிவராஜ் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சாவி வாங்கத்தான் வந்திருந்தான். முகம் விழுந்துவிட்டது. ஆனால் விடுகிற ஆளா?

"பாஸாகறது வேற, பேய் வேறங்க. ஊரே சொல்லுது. நாளைக்கு நங்கைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? பூட்டறதுதான் நல்லது."

வேலைக்கு வரலாமா வேண்டாமா என்று பூவாத்தாளும் ஆரோக்கியராஜும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீதாஞ்சலி கொடியிலிருந்து காய்ந்த பனியன் ஒன்றை உருவினாள்.

"தம்பி, இதுலதான பேய் இருக்குதுங்கறீங்க? போட்டுக்கிட்டு நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

பெரியவர்கள் பார்க்கிறார்கள், செக்கிங் அம்மா பார்க்கிறாள், கிழவி பார்க்கிறாள். மாட்டேன் என்றால் மானம் போகும். சிவராஜ் சட்டை மேலேயே பனியனை மாட்டிக்கொண்டான். மார்பை நிமிர்த்தினான். செல்போனை எடுத்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி ஒரு செல்பி, உடனே ஸ்டேட்டஸிலும் போட்டான்.

"பாத்துக்கோங்க! ஒண்ணுமில்லயே!"

"ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமே இல்ல!"

"அப்பறம் எதுக்குங்க பூட்டணும்?"

முதலில் சிரித்தது பூவாத்தாள். அப்புறம் பெரியவர்களில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிவராஜ் பனியனைக் கழற்றக்கூட நிற்கவில்லை, புல்லட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டான். கொட்டகை இன்றைக்கும் கீதாஞ்சலியிடம்தான் இருக்கிறது. டேபிள் இரண்டாகிவிட்டது. மெஷின் சத்தம் இல்லாத மதியங்களிலும் அவள் தனியாகவே அடிக்கிறாள்.

இத்தோடு முடிந்தால் இது வெறும் குடும்பத் தகராறு.

அந்த ஸ்டேட்டஸை நம் சரவணக்குமார் பார்த்தான். போட்டோவிலும் கோடு ஓடியது. ஆனால் சிவராஜின் வலது தோளில் மட்டும் நான்கு சின்ன இடங்கள் ஓடவில்லை. பக்கத்தில் பக்கத்தில், நீளவாக்கில். பின்னால் நிற்கிற ஒருவர் தோளில் கை போட்டால் முன்பக்கம் நான்கு விரல்தானே தெரியும்? சரவணக்குமார் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து சிவராஜுக்கே அனுப்பினான். சிவராஜ் உடனே ஸ்டேட்டஸை அழித்தான், பனியனைக் கொளுத்தினான். தாராபுரத்தில் மாமனார் வீட்டோடு போய் இருந்துகொண்டான். அந்தப் பாதைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

சரவணக்குமார் கீதாஞ்சலியிடம் படத்தைக் காட்டி, பாவம், சிவராஜுக்காக ஏதாவது பூசை கீசை செய்துவிடுங்கள் என்று கேட்டபோது அவள் சொன்னாளாம்: "அது அண்ணந்தம்பி வெவகாரங்க. நடுவுல நான் எதுக்குங்க?"

பனியன் சாம்பலாகிவிட்டது. அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் சரவணக்குமார் போனில் இருக்கிறது. போட்டோ மாறாது, எடுத்தது எடுத்தபடிதான் இருக்கும். முதலில் பார்த்தபோது விரல்கள் தோளில் இருந்தன. ஆடியில் எங்களுக்குக் காட்டினான்... காலர் ஓரம். நேற்று ராத்திரி மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறான். கழுத்துக்கு வந்துவிட்டனவாம்.

எண்ணியும் பார்த்திருக்கிறான். இப்போது எட்டு விரல்.